அது மருந்தில்லை, அரிசி

சென்ற மாதம் ஒரு காலை. கண்டி குட்ஷெட் பஸ் நிலையம். பிலிமத்தலாவைப் பக்கம் போகும் பஸ் ஒன்று புகை கக்கிக்கொண்டு நிற்கிறது. என் அக்கா ஒரு கையால் பஸ்ஸின் கம்பியைப் பிடித்திருக்கிறார். மற்றக் கையில் துணிப்பை. பைக்குள் பித்தளைக் குத்துவிளக்கு.

படியில் வைப்பதற்காக வலது காலைத் தூக்குகிறார். கால் வரவில்லை.

இடது காலை முயன்று பார்க்கிறார். அதுவும் வேலைநிறுத்தம்!

“இக்மனட்ட அம்மே, இக்மனட்ட” என்று கண்டக்டர் சிங்களத்தில் அவசரப்படுத்தினார். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். காலமெல்லாம் வகுப்பறையில் தீட்டிக் கூராக்கிய பார்வை அது. கண்டக்டர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் கால்கள் அக்காவிடம் படித்தவை அல்லவே… அவை பயப்படவில்லை.

பஸ் போய்விட்டது. நாங்கள் நின்றோம்.

“என்னக்கா செய்யுது?”

“ஒண்டுமில்லை. கொஞ்சம் விறைச்சுப்போச்சு. உந்தப் பஸ்ஸின்ர படி சரியான உயரம்.”

படி உயரமாம்! கண்டி பஸ்களின் படி நேற்று இரவு திடீரென்று வளர்ந்துவிட்டது போலும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் அக்காவைத் தெரியும். புதியவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கண்டிக்கு ஆசிரியையாக வந்து இங்கேயே வேர்விட்டவர். பெண்கள் பாடசாலை ஒன்றில் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கல்யாணம் செய்யவில்லை. கேட்டால், “வகுப்பில இருந்த பிள்ளையளே காணும்” என்பார். ஹந்தானைக்கு ஏறும் வீதியில் எங்கள் வீடு. கீழ் வீட்டில் நானும் மனைவியும். மேல் வீட்டில் அக்கா. மனைவி இப்போது கொழும்பில், மகளின் கைக்குழந்தையோடு. அதனால் இரவுச் சாப்பாடு எனக்கும் அக்காவுக்கும் ஒன்றாகத்தான். அதாவது, அக்கா சமைப்பார். நான் குறை சொல்வேன்.

அக்காவுக்குக் கொலஸ்ட்ரோல். அதில் என்ன புதினம்? இந்த வயதில் கொலஸ்ட்ரோல் இல்லாதவரை எங்கள் வீதியில் யாரும் மதிப்பதே இல்லை. காலையில் வாவியைச் சுற்றி நடக்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள்… “உங்கட எல்.டி.எல். எவ்வளவு?” என்றுதான் வணக்கமே சொல்லிக்கொள்கிறார்கள்.

வழக்கமாகப் பார்க்கும் டொக்டர் நஸீம் ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார். ஸ்டாட்டின் என்ற வகை. உலகம் முழுவதும் இதற்குக் கொடுக்கிற மருந்துதான். இரவு ஒன்று. அவ்வளவுதான்.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

“ஒருக்காத் தொடங்கினா விடேலாதாம். ஈரலையும் பழுதாக்குமாம்.”

“ஆர் சொன்னது?”

“எல்லாரும் சொல்லுகினம்.”

‘எல்லாரும்’ என்பது யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் போனிலும் இருக்கிறார்கள். விடிய எழும்பியதும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்புகிறவர்கள். அடுத்த நிமிடம் வைத்தியக் கலாநிதி ஆகிவிடுகிறவர்கள்.

நான் விடவில்லை. ஒவ்வொரு இரவும் சாப்பாடு முடிந்ததும் தண்ணீர்க் கோப்பையோடு முன்னால் நின்றேன். அக்கா குளிசையை விழுங்கும்வரை நகரவில்லை. நல்ல தம்பி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அக்கா ஒரு சொல்லும் சொல்லாமல் விழுங்கினார்.

சும்மா வாதாடுகிற மனிதர் சும்மா இருந்தால் சந்தேகப்பட வேண்டாமா? நான் படவில்லை. வெற்றி கிடைத்தவனுக்கு மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

சரி, பஸ் நிலையத்துக்கு வருவோம்.

“ஓட்டோ ஒண்டு பிடி. பிலிமத்தலாவைக்குப் போவம்” என்றார் அக்கா.

“இந்தக் காலோடயோ? ஏன்?”

“விளக்கு மினுக்கக் குடுக்க வேணும்.”

பைக்குள் எட்டிப் பார்த்தேன். விளக்கு பளபளத்துக்கொண்டிருந்தது. அதில் என் முகம் தெரிந்தது. பிலிமத்தலாவையில் பித்தளை வேலை பிரசித்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் போன மாதமும் இதே விளக்கு இதே ஊருக்கு மினுக்கப் போனது. அதற்கு முந்திய மாதமும். இவ்வளவு அடிக்கடி அழகுநிலையத்துக்குப் போகும் குத்துவிளக்கை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஓட்டோ வந்தது. அக்கா முதலில் ஆசனத்தில் இருந்துகொண்டார். பிறகு தன் தொடையை இரண்டு கைகளாலும் பிடித்து, ஒவ்வொரு காலாக உள்ளே தூக்கி வைத்தார். யாரோ ஒருவருடைய காலைத் தூக்கி வைப்பது போல.

அதைப் பார்த்ததும் என் பகிடியெல்லாம் போய்விட்டது.

“எவ்வளவு நாளா இப்படி?”

“நாளும் கிழமையும்… படியேறி இறங்கிற வீடு. உளையத்தானே செய்யும்.”

“அக்கா, எவ்வளவு நாளா?”

அவர் மடியில் இருந்த பையைச் சரிசெய்தார். நான் ஓட்டோக்காரரிடம் பிலிமத்தலாவை வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு விடுங்கள் என்றேன். அக்கா மறுத்துப் பேசவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. என் அக்கா மறுக்காமல் ஒரு இடத்துக்குப் போகிறார் என்றால் அவருக்கே பயம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

டொக்டர் நஸீம் நல்ல வேளையாக அன்று அங்கேதான் இருந்தார். இளம் மனிதர். கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவர். நோயாளிகள் பேசும்போது போனைப் பார்க்காத அரிய வகை டொக்டர். அக்காவின் தொடையை மெல்ல அழுத்தினார். அக்கா பல்லைக் கடித்தார்.

“டீச்சர், யூரின் என்ன நிறத்தில போகுது?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் திரைக்கு வெளியே போய் நின்றேன். திரை துணிதானே… எல்லாம் கேட்டது.

“பிளேன்டீ மாதிரி.”

“சாயம் கூடினதா, குறைஞ்சதா?”

“கூட.”

பால் ஊற்றாத தேநீரின் நிறம். தேயிலை விளையும் ஊரில் இருப்பதில் இப்படியும் ஒரு வசதி. டொக்டருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் அவருடைய குரல் மாறிவிட்டது. இரத்தம் எடுக்கச் சொன்னார். உடனே வார்டில் சேர்க்கச் சொன்னார்.

“நான் தந்த குளிசையத் தவிர வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா டீச்சர்?”

“இல்லை.”

“யோசிச்சுச் செல்லுங்க.”

“இல்லையெண்டு சொன்னனே.”

அந்த நேரம் பார்த்து, ஆளைச் சேர்ப்பதற்கு அடையாள அட்டை வேண்டும் என்று தாதி கேட்டார். நான் அக்காவின் பையைத் துழாவினேன். விளக்கை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அதற்குக் கீழே அடையாள அட்டை. அட்டைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் போத்தல். வெறும் போத்தல். அதைக் காட்டிப் பிலிமத்தலாவையில் புதியது வாங்கத்தான் கொண்டுவந்திருக்கிறார் போலும்; விளக்கு வெறும் சாக்கு. மேலே பச்சை இலைப் படம். அதற்கும் மேலே ஒரு இதயம். இதயம் சிரித்துக்கொண்டிருந்தது!

“இது என்னக்கா?”

“அது மருந்தில்லை” என்றார் அக்கா. “அரிசி.”

அரிசி! காப்ஸ்யூலுக்குள் அரிசி!

“சிவப்பரிசி” என்று திருத்தினார். “நாங்கள் நெடுகச் சாப்பிடுறதுதானே. அதை ஏதோ புளிக்க வைச்சு, காய வைச்சு அடைக்கிறாங்கள். இயற்கை. இரசாயனம் ஒண்டும் இல்லை. போத்தலிலயே எழுதியிருக்கு, வாசிச்சுப் பார்.”

வாசித்தேன். எழுதித்தான் இருந்தது. ‘இரசாயனமற்றது.’ உப்பும் இரசாயனம், தண்ணீரும் இரசாயனம், இந்தக் கரும்பலகையும் இரசாயனம், அதற்கு முன்னால் தூங்கி விழுகிற நீயும் இரசாயனம்… என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு அடித்துச் சொன்ன மனிதர் என் அக்கா. அவரை ஒரு போத்தலில் இருந்த ஒரு சொல் விழுத்திவிட்டது. பரீட்சையில் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தால் பாவம், அவளுடைய பெற்றோரை அழைத்திருப்பார்.

டொக்டர் நஸீம் போத்தலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு அக்காவின் அருகில் இருந்தார். இப்படிக் கதிரை இழுத்துப் போட்டு இருக்கிற டொக்டரிடம் நல்ல செய்தி வருவதில்லை.

“டீச்சர், இது நீங்க சோறாக்கிற சிவப்பரிசி இல்ல. அந்த அரிசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அரிசில ஒரு வகைப் பூஞ்சணத்த வளர்க்கிறாங்க. அதுதான் சிவப்பாக்குது. அப்படி வளரக்குள்ள அதில ஒரு பொருள் உண்டாகுது. மொனக்கோலின் கே எண்டு பேரு. அதுதான் கொலஸ்ட்ரோலக் குறைக்குது.”

“அப்ப குறைக்குதுதானே?” அக்காவின் குரலில் ஒரு சின்ன வெற்றி.

“குறைக்கும். நான் இல்லயெண்டு செல்ல மாட்டேன். வேலை செய்யும். அதுதான் பிரச்சின.” கொஞ்சம் நிறுத்தினார். “லோவாஸ்டாட்டின் எண்டு ஒரு குளிசை இருக்கு. நான் உங்களுக்குத் தந்ததுக்கு அண்ணன் தம்பி மாதிரி. அந்தக் குளிசைக்குள்ள இருக்கிற மருந்தும் இந்த மொனக்கோலினும் ஒண்டுதான்.”

அக்கா டொக்டரின் கையில் இருந்த போத்தலைப் பார்த்தார்.

“ஒண்டு மாதிரியோ… ஒண்டேதானோ? கட்டமைப்பும் அதேயோ?”

“கட்டமைப்பும் அதே, டீச்சர்.”

அந்தக் கேள்வியைக் கேட்டது வட்ஸ்அப் பார்க்கும் அக்கா இல்லை. இரசாயனவியல் டீச்சர். பதிலைக் கேட்டதும் அவர் கண்களை மூடிக்கொண்டார். ஒரே கட்டமைப்பு என்றால் ஒரே பொருள். ஒரே பொருள் என்றால் ஒரே குணம், ஒரே குற்றம். அது ஆலையில் இருந்து வந்ததா, அரிசியில் இருந்து வந்ததா என்று உடம்பு பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை. இதை அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவர் எத்தனை பேருக்கு விளக்கியவர்!

ஆக, நடந்தது இதுதான். குளிசை ஈரலைக் கெடுத்துவிடும் என்று அக்காவுக்குப் பயம். அந்தப் பயத்தைப் போக்க, காலையில் இயற்கையாக ஒரு காப்ஸ்யூல். இரவில் எனக்குப் பயந்து குளிசை. எதிரிக்கு எதிரி நண்பன் என்று அழைத்து வந்திருக்கிறார். வந்தவனோ எதிரியின் கூடப்பிறந்தவன். இரண்டு பேரும் சேர்ந்து அக்காவின் தசையில் கை வைத்துவிட்டார்கள்.

“குளிசையெண்டா உள்ளுக்கு எவ்வளவு மருந்து எண்டு எனக்குத் தெரியும். கூடக் குறைய எழுதலாம், ரத்தம் பார்த்து நிப்பாட்டலாம்” என்றார் டொக்டர். “இந்தப் போத்தல்ல எவ்வளவு எண்டு யாருக்குத் தெரியும்? ஒரு போத்தல்ல ஒண்டுமே இருக்காது. அடுத்ததில குளிசையளவுக்கு இருக்கும். ஒழுங்காப் புளிக்க வெக்காட்டி சிட்ரினின் எண்டு ஒரு நஞ்சும் சேரலாம். அது கிட்னிக்குக் கூடாது.”

“இப்ப என்ர கிட்னிக்கு என்ன?”

“தசை உடைஞ்சு ரத்தத்தில கலக்குது. அதை வெளியேத்தத்தான் கிட்னி பாடுபடுது. அந்தச் சாயம் அதுதான். சேலைன் ஏத்துவம். ரெண்டையும் இப்பவே நிப்பாட்டுவம். நல்ல நேரத்தில வந்திருக்கீங்க. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா…”

அவர் முடிக்கவில்லை. நாங்களும் முடிக்கச் சொல்லவில்லை.

அக்கா பஸ்ஸில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிலிமத்தலாவைக்குப் போயிருப்பார். புதிய போத்தலை வாங்கியிருப்பார். கால் உளைவுக்கு இன்னொன்று கூடப் போட்டிருப்பார். எனக்கு அந்த உயரமான படியைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

சேலைன் போத்தலில் இருந்து துளி துளியாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஏனக்கா எனக்குச் சொல்லேல்ல?”

“உனக்குச் சொன்னா?”

“சொன்னா என்ன?”

“பத்தியில எழுதிப்போடுவாய்.”

எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்யலாம் என்றால்… இதோ, நீங்களே வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

“நீ கோப்பைத் தண்ணியோட பொலிஸ்காரன் மாதிரி முன்னால நிண்டாய். சரி, தம்பி ஆசைப்படுறான் எண்டு உனக்காக அது. எனக்காக இது.” சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், “கால் சரி வருமோடா?” என்று கேட்டார். சின்னக் குரல். என் அக்காவிடம் இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கு இதுவரை தெரியாது.

“வரும். டொக்டர் சொல்லிட்டார்” என்றேன். டொக்டர் அப்படி உறுதியாகச் சொல்லியிருக்கவில்லை. பார்ப்போம் என்றுதான் சொன்னார். பொய்யை நானும் இயற்கை முறையில் தயாரித்துக் கொடுத்தேன்.

அடுத்தடுத்த நாட்களில் பிளேன்டீ வெளுத்தது. இரத்தப் பரிசோதனையும் இறங்கத் தொடங்கியது. தாதி ஒருவரைப் பிடித்துக்கொண்டு அக்கா கக்கூசுவரை நடந்த அன்று, நான் வெளியே போய் ஒரு தேநீர் குடித்தேன். பால் ஊற்றிய தேநீர். இப்போதைக்குப் பிளேன்டீ குடிக்கிற மனநிலை எனக்கு இல்லை.

இனி, போத்தலை விற்றவர் கதை.

ஸ்டெல்லா. அக்காவிடம் படித்தவர். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, டவுனில் படித்து, இப்போது பிலிமத்தலாவையில் சின்னதாக ஒரு ஃபென்சி கடை வைத்திருக்கிறார். வளையல், கொப்பி, பிறந்தநாள் அட்டை, மாதா படம் எல்லாம் இருக்கும். அவற்றோடு சேர்த்து இந்தப் போத்தலும். ஏதோ ஒரு கம்பனிக்கு முகவர். நீங்கள் இரண்டு பேரைச் சேர்த்தால், அவர்கள் நான்கு பேரைச் சேர்த்தால், எல்லாரும் வெளிநாட்டுச் சுற்றுலா போகலாம் என்கிற அந்த வகைக் கம்பனி. அப்படிச் சுற்றுலா போன ஒருவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா வீட்டுக்கு வந்த பிறகு ஸ்டெல்லா பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், நான் என்னைத் தயார்ப்படுத்திக்கொண்டேன். பத்தி எழுதுகிறவனுக்குக் கோபம் வந்தால் கை நீளாது, வாக்கியம்தான் நீளும். நல்ல நல்ல வாக்கியங்களைக் கோத்து வைத்திருந்தேன். ‘இதயம் சிரிக்கும் போத்தலில் சிறுநீரகம் அழுததம்மா’ என்று ஒன்று. எனக்கே பிடித்திருந்தது.

ஸ்டெல்லா வந்தார். கையில் ஒரு குலை செவ்விளநீர். வாசலில் செருப்பைக் கழற்றியவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று அழத் தொடங்கினார்.

“டீச்சர், எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க டீச்சர். கம்பனி மீட்டிங்ல சைட் எஃபெக்டே இல்லன்னுதான் சொன்னாங்க. சாப்பாட்டுச் சாமான் மாதிரின்னாங்க. ஒங்களுக்கு இப்படி ஆகும்னு தெரிஞ்சா குடுத்திருப்பேனா?”

என் வாக்கியங்கள் தொண்டையில் வரிசையாக நின்றன.

“முதல்ல உள்ளுக்கு வாரும். இந்தக் கதிரையில இரும்” என்றார் அக்கா. “எனக்குத் தந்த நேரம், வேற குளிசை எடுக்கிறீங்களோ எண்டு கேட்டீரோ?”

“இல்ல டீச்சர்… கேக்கணும்னு யாரும் சொல்லித் தரல.”

“நானும் சொல்லேல்ல. நீர் கேக்கேல்ல, நான் சொல்லேல்ல. அதை விடும். என்னை மாதிரி இன்னும் எத்தினை பேர்?”

ஸ்டெல்லாவின் அழுகை நின்றது. அந்தக் கேள்வி அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கைப்பையில் இருந்து போனை எடுத்தார். பெயர் பெயராகத் தள்ளிக்கொண்டே போனார். “பேங்க் மேடம்… அவங்க சுகர் மாத்திரை குடிக்கிறாங்க. எங்க சித்தி… சித்திக்கு ஹார்ட்டுக்கு ஏதோ குடுக்கிறாங்க. மாதா கோயில்ல பியானோ வாசிக்கிற ரோஸ்மேரி…” சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். “டீச்சர், ரோஸ்மேரி முழுகாம இருக்கு.”

கர்ப்பிணிகள் தொடவே கூடாத வகை மருந்து இது என்று டொக்டர் நஸீம் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

“இப்பவே அவவுக்குப் போன் எடும்” என்றார் அக்கா. “என்ர முன்னாலயே எடும்.”

ஸ்டெல்லா அழைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒருமுறை எடுக்கவில்லை. இரண்டாம் முறை ரோஸ்மேரி எடுத்தார்.

“ரோஸ்… நான் குடுத்த போத்தல் குடிக்கிறியா?… என்னது?… சரியாச் சொல்லு… மாதாவே!” போனைக் கையால் மறைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். கண்ணீரோடு சிரித்தார். “தெறக்கவே இல்லையாம் டீச்சர். நான் மனசு நோவேன்னு வாங்கி வச்சிருக்கு. அவங்க மாமனாருக்குக் குடுக்கலாம்னு…”

“மாமனுக்கும் வேண்டாம்” என்றார் அக்கா.

நம் ஊரில் பாதி உயிர்கள் இப்படித்தான் காப்பாற்றப்படுகின்றன. மருந்தைக் காசு கொடுத்து வாங்குவோம். வாங்கி அலுமாரிக்குள் பத்திரமாகப் பூட்டி வைப்போம். குடிக்க மறந்துவிடுவோம். ஆரோக்கியத்தின் இரகசியம்!

அன்று பொழுது சாயும்வரை ஸ்டெல்லா அந்தக் கதிரையில் இருந்தபடி ஒவ்வொருவராக அழைத்தார். “டாக்டர்கிட்டக் காட்டாம குடிக்காதீங்க. வேற மாத்திரை குடிக்கிறீங்கன்னா நிப்பாட்டிட்டு டாக்டர்கிட்டப் போங்க… எந்த மாத்திரையா? இல்லல்ல, என் போத்தல நிப்பாட்டுங்க, டாக்டர் மாத்திரைய இல்ல!” சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் கோபப்பட்டார்கள். ஒருவர் மட்டும், “எனக்கு நல்லாத்தானே வேலை செய்யுது, நீ ஏன் நிப்பாட்டச் சொல்ற? வேற ஏஜென்ட்கிட்ட வாங்கிக்கிறேன்” என்று வைத்துவிட்டார். கம்பனியில் இருந்தும் ஒருவர் அழைத்தார். முகவர் இப்படிப் பேசுவது நிறுவனத்தின் நற்பெயருக்குக் கேடாம். மனித சிறுநீரகத்தின் நற்பெயர் பற்றி அவருக்குக் கவலை இருக்கவில்லை. ஸ்டெல்லா, “நான் வெலகிக்கிறேங்க” என்று சொல்லி வெட்டினார். போனை மடியில் கவிழ்த்து வைத்தார். ஃபென்சி கடையில் வளையல் மட்டும் விற்று வீட்டை ஓட்டுவது எப்படி என்று அவர் அப்போது யோசித்திருக்க வேண்டும்.

அவர் போகும்போது நான் பஸ்வரை கூடப் போனேன். கோத்து வைத்திருந்த வாக்கியங்களை வழியில் எங்கேயோ போட்டுவிட்டேன்.

போன கிழமை அக்காவை மீண்டும் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். படியில் மெதுவாக, கைபிடித்து, தானே ஏறினார். இரத்தம் சரி. சிறுநீரகம் சரி. தசை இன்னும் கொஞ்சம் முறைக்கிறது, ஆனால் சமாதானத்துக்கு வந்துவிட்டது. கொஞ்ச நாள் பொறுத்து, குறைந்த அளவில் வேறு ஒரு குளிசையைத் தொடங்கலாம், இடையிடையே இரத்தம் பார்க்கலாம் என்றார் டொக்டர்.

“ஓம். தாங்கோ. எடுக்கிறன்” என்றார் அக்கா. “ஆனா தம்பி முன்னால நிக்கக் கூடாது.”

ஒப்பந்தம் கைச்சாத்தானது. எழும்பப் போனோம். டொக்டர் நஸீம் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இன்னும் ஏதோ இருக்கிறதா?

“டீச்சர், ஒரு உதவி செய்வீங்களா?”

“சொல்லுங்கோ.”

“எங்கட மாமி… மனைவிட உம்மா. அவங்களும் இதே போத்தல்தான் குடிக்கிறாங்க. அலுமாரில துணிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்காங்க. நான் சென்னா கேக்கிறாங்க இல்ல. ‘நீங்க டொக்டர், நீங்க அப்படித்தான் செல்லுவீங்க’ங்கிறாங்க.” கழுத்தில் தொங்கிய கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த நேரம் அவர் டொக்டராக இல்லை. ஒரு சாதாரண மருமகன். “நீங்க ஒருக்கா போன் பண்ணிப் பேசுவீங்களா?”

பாருங்கள் உலகத்தை! இத்தனை வருடம் படித்து, பட்டம் பெற்று, சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய ஒருவர். அவர் சொல் கண்டி முழுவதும் செல்லும். அவர் வீட்டு அலுமாரிக்குள் மட்டும் போகாது. ஊராருக்கு வைத்தியர், வீட்டில் வெறும் மருமகன். ஒருவருக்கு அறிவு இருந்தால் மட்டும் போதாது. அவர் சொந்தக்காரராகவும் இருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மேலே போய் அழைத்தார். நான் கீழே இருந்தேன். முதலில் டீச்சர் குரல் கேட்டது. கட்டமைப்பு, தசை, சிறுநீரகம் எல்லாம் வந்தன. பிறகு அந்தக் குரல் தணிந்தது. பிறகு சிரிப்பு. பிறகு நெடுநேரம், “ஓமோ?… அப்படியோ?… உண்மையாவோ?”

மெதுவாகப் படியிறங்கி வந்தார். முகத்தில் பெருமை.

“நிப்பாட்டிப்போட்டா. போத்தலைக் குப்பையில போட்டிட்டனெண்டு எனக்குச் சொன்னவ. நல்ல மனிசி.”

“சந்தோசம் அக்கா. பெரிய வேலை செய்திருக்கிறீங்கள்.”

“ம்… நாளைக்குச் சந்தைப் பக்கம் போனா கொஞ்சம் வெண்டிக்காய் வாங்கிக்கொண்டு வா. பிஞ்சாப் பாத்து வாங்கு.”

“கறிக்கோ?”

“இல்லை. அவதான் சொன்னவ. வெட்டித் தண்ணியில ஊறப்போட்டு, காலமை வெறும் வயித்தில அந்தத் தண்ணியைக் குடிச்சா கொலஸ்ட்ரோல்…” என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “என்ன பாக்கிறாய்? முதல்ல டொக்டரிட்டக் கேட்டிட்டுத்தான் குடிப்பன்.”

கேட்பார்தான். ஆனால், வெண்டிக்காய் வந்த பிறகு!